தேடினால் கிடைப்பதும், தேடினாலும் கிடைக்காததும்



மார்க்கம் பற்றி ஓர் ஐயம் எழுந்தால் பள்ளிவாசல் இமாமிடமோ மதரஸா உஸ்தாதிடமோ சென்று கேட்பது நம் முன்னோரின் வழக்கம். இன்று பெரும்பாலான வீடுகளில் முதற்கேள்வி கைப்பேசியிடம் செல்கிறது. ஜகாத்தின் அளவு, பயணத் தொழுகையின் விதி, வாரிசுப் பங்கீடு, குழந்தைக்குச் சூட்டும் பெயரின் பொருள் என எதைக் கேட்டாலும் நொடிப்பொழுதில் பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றுள் முதல் மூன்று நான்கைத் தாண்டிச் செல்வோர் சிலரே.

அப்படியானால், எந்தப் பக்கம் மேலே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்? எந்த அளவுகோலைக் கொண்டு தீர்மானிக்கிறார்? இக்கேள்விகளைத் தொழில்நுட்பம் கற்றவர்களிடம் மட்டும் விட்டுவிட இயலாது. நம் பிள்ளைகள் எதை மார்க்கமென்று கற்கிறார்கள் என்பதும் அவற்றுள் அடங்கியிருக்கிறது.

காரைக்காலில் வாழும் நமக்கு இது கூடுதலாகவே பொருந்தும். கிழக்கே கடலும் மற்றப் புறங்களில் தமிழ்நாடும் சூழ்ந்த ஊர் இது. ஆட்சியோ புதுச்சேரியைச் சேர்ந்தது. பள்ளிவாசல் சொத்தைப் பதிவு செய்யும் முறையைத் தமிழில் தேடுகிறவருக்குத் தமிழ்நாடு வக்ஃபு வாரியத்தின் நடைமுறை முதலில் வந்தால் அதனால் அவருக்குப் பயனில்லை. நமக்குரியது புதுச்சேரி வக்ஃபு வாரியம். தொழுகை நேரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஷாஃபிஈ மத்ஹபில், நண்பகல் நிழல் நீங்கலாக ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தளவு ஆனதும் அஸ்ர் தொடங்குகிறது. ஹனஃபீ மத்ஹபில் நிலைபெற்ற கணக்குப்படி அது இரு மடங்கு ஆக வேண்டும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாடு உண்டு. சென்னைக்குக் கணித்த நோன்பு திறக்கும் நேரமும் காரைக்காலுக்குச் சில நிமிடங்கள் மாறுபடும். பருவத்துக்கேற்ப அம்மாறுபாடு முன்னும் பின்னும் செல்லும். முதலில் வந்து நிற்கும் விடையில் பொய் எதுவும் இல்லாமலேயே அது நமக்குப் பொருந்தாததாக இருக்கக்கூடும்.

இந்த வரிசையை நிருணயிக்கும் அளவுகோல் சென்ற கால் நூற்றாண்டில் பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சில தளங்கள் மேலே வந்தன. பல தளங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. அந்த வரலாற்றை அறிவது, இனி நாம் என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுக்க உதவும்.

பக்தாதில் ஓர் அட்டவணை

நூல்கள் பெருகும்போது அவற்றைத் தேடித் தரும் அட்டவணையும் தேவைப்படுகிறது. ஹிஜ்ரி 377ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 987 வாக்கில், பக்தாதில் இப்னுந் நதீம் என்பவர் ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூலைத் தொகுத்தார். நூல்களைப் படியெடுத்து விற்கும் தொழிலைச் சேர்ந்தவர் அவர். தம் காலத்தில் அரபியில் கிடைத்த நூல்களையும் அவற்றை இயற்றியோரையும் பத்துப் பகுதிகளாக அதில் வகைப்படுத்தினார். அதில் குறிப்பிடப்பட்ட நூல்களுள் மிகப் பல இன்று இல்லை. அவை இருந்தன என்பதே அந்த அட்டவணையால்தான் உலகுக்குத் தெரிகிறது.

இதில் இரு பாடங்கள் உள்ளன. அட்டவணையில் இடம்பெற்றவற்றுக்குப் பெயராவது நிலைக்கிறது. இடம்பெறாதவற்றுக்கு அதுவும் இல்லை. இரண்டாவது, அட்டவணையில் பெயர் இருப்பதால் மட்டும் நூல் காக்கப்படுவதில்லை. படியெடுக்கவும் பாதுகாக்கவும் ஆள் இல்லாதபோது பெயர் மட்டுமே எஞ்சுகிறது. இணையத்துக்கும் இவ்விரண்டும் அப்படியே பொருந்துவதைப் பின்னர்க் காண்போம்.

வீட்டிலேயே மறைந்த நூல்கள்

நம் கடற்கரை ஊர்களிலும் இத்தகைய மறைவு ஒருமுறை நிகழ்ந்துள்ளது. காயல்பட்டினம், கீழக்கரை முதல் நாகூர், காரைக்கால் வரை பல குடும்பங்களில் அரபுத்தமிழ் நூல்கள் ஓதப்பட்டு வந்தன. மொழி தமிழ்; எழுத்து அரபு. தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் கூட்டப்பட்டன. குர்ஆன் ஓதக் கற்ற பெண்கள், தமிழ்ப் பள்ளிக்கூடம் செல்லாமலேயே அவற்றைப் படிக்க முடிந்தது. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் செய்யிது முஹம்மது இமாமுல் அரூஸ் (1816–1898) இவ்வெழுத்தில் எழுதிய மார்க்க நூல்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் பரவியிருந்தன.

இருபதாம் நூற்றாண்டில் பள்ளிக்கல்வி பரவியது. தமிழ் எழுத்தில் அச்சிட்ட மார்க்க நூல்கள் பெருகின. அரபுத்தமிழைப் படிக்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்குள் மெலிந்தது. நூல்களை யாரும் எரிக்கவில்லை. தடை செய்யவும் இல்லை. அலமாரியில் இருந்தபடியே அவை பேரப்பிள்ளைகளுக்கு எட்டாதவையாயின. பாட்டி மனப்பாடமாக ஓதிய பாடல் எந்த நூலில் இருக்கிறது என்று அந்நூலைக் கையில் வைத்திருந்தும் கண்டுபிடிக்க இயலாத நிலை அது.

மறுபக்கமும் உண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணம் நெடுங்காலம் ஏட்டுச்சுவடிகளிலேயே இருந்தது. செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் சுவடிகளைத் தேடித் தொகுத்து 1842ஆம் ஆண்டில் அச்சேற்றினார். அந்த உழைப்பால் அக்காப்பியம் இன்றளவும் கற்கப்படுகிறது. எழுத்தும் ஊடகமும் மாறும் வேளையில் ஒருவர் முன்வந்து புதிய வடிவுக்கு மாற்றினால் நூல் நிற்கும். எவரும் முன்வராவிடில் மறையும்.

எழுத்துருவால் வந்த திரை

தமிழ் இணையத்துக்கு வந்தபோது இதே கதை வேறு வடிவில் நிகழ்ந்தது. 1990களில் தமிழுக்கென்று எல்லாரும் ஏற்ற ஒரே குறியேற்றம் நடைமுறையில் இல்லை. ஆங்கிலம் தவிர்த்த ஐரோப்பிய எழுத்துகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்த இடங்களில் தமிழ் எழுத்துகளின் வடிவங்களை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி பொருத்திக்கொண்டனர். ஒரு தளத்தைப் படிக்க ஓர் எழுத்துரு வேண்டும். அடுத்த தளத்துக்கு வேறோர் எழுத்துரு வேண்டும். உரிய எழுத்துரு கணினியில் இல்லையெனில் பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தெரியும்.

இதைச் சீர்செய்யத் தமிழறிஞர்களும் கணினி வல்லுநர்களும் உழைத்தனர். இணையவழிக் கலந்துரையாடலில் திஸ்கி என்னும் குறியேற்றம் உருவாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களை அறிவித்தது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கியது. சீறாப்புராணமும் அத்தொகுப்பில் இடம்பெற்றது.

ஆயினும் தேடுபொறியின் கண்ணுக்கு இவற்றுட் பெரும்பகுதி புலப்படவில்லை. தேடுபொறி எப்படி இயங்குகிறது என்பதை அறிந்தால் காரணம் விளங்கும். அதன் செயலி இணைப்புகளைப் பின்தொடர்ந்து பக்கம் பக்கமாகச் சென்று சொற்களைத் திரட்டுகிறது. எச்சொல் எப்பக்கத்தில் உள்ளது என்று அட்டவணை இடுகிறது. ஒருவர் ஒரு சொல்லைக் கேட்டதும் அந்த அட்டவணையிலிருந்து பக்கங்களை எடுத்து, தன் அளவுகோல்படி வரிசைப்படுத்துகிறது. திஸ்கியில் எழுதிய ‘தொழுகை’ என்ற சொல் அதற்கு ஐரோப்பியக் குறிகளின் பொருளற்ற கோவையாகவே தெரிந்தது. அதே குறியேற்றத்தில் தட்டச்சு செய்து தேடினாலன்றி அது அகப்படாது. மனிதர் வாசிக்க, இயந்திரம் வாசிக்க இயலாத எழுத்து அது. அரபுத்தமிழைக் கையில் வைத்துக்கொண்டு விழித்த பேரப்பிள்ளையின் நிலையில் தேடுபொறி இருந்தது.

ஒருங்குறி திறந்த வாயில்

யூனிகோட் என்னும் ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் தரப்பட்டிருந்தது. ஆனால் அதைக் காட்டும் வசதி விண்டோஸ் 2000 வெளிவந்த பிறகே பொதுமக்களின் கணினிகளுக்கு வரத் தொடங்கியது. 2003ஆம் ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அதே காலத்தில் தமிழ் வலைப்பதிவுகளும் தோன்றின. 2004இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய தமிழ்மணம், சிதறிக் கிடந்த பதிவுகளை ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டியது. சுரதாவின் எழுத்துரு மாற்றி, பழைய குறியேற்றப் பக்கங்களை ஒருங்குறிக்கு மாற்ற உதவியது. 2010இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்றது.

தமிழ் முஸ்லிம்களின் இணைய எழுத்து மலர்ந்ததும் இக்காலத்திலேயே. வளைகுடா நாடுகளில் பணிபுரிந்தோர், வேலை முடிந்த இரவு நேரங்களில் ஊர்ச் செய்திகளையும் மார்க்கக் கட்டுரைகளையும் எழுதினர். காயல்பட்டினம், அதிராம்பட்டினம், நாகூர் எனக் கடற்கரை ஊர்கள் பலவற்றுக்கும் தனித்தனித் தளங்களும் வலைப்பதிவுகளும் அமைந்தன. ஊரில் நிகழ்ந்த மௌத்துச் செய்தி முதல் குத்பாவின் சுருக்கம் வரை அவற்றில் வெளியாயிற்று. அச்சில் ஒருபோதும் வந்திராத ஊர் வரலாறுகளும் கப்பல் பயணக் கதைகளும் முதன்முறையாக எழுத்தில் பதிந்தன.

ஒருங்குறிக்கு மாறிய தளங்களைத் தேடுபொறி கண்டுகொண்டது. மாறாதவை மாறாதவையாகவே நின்றுவிட்டன. அவற்றை எழுதியோரில் சிலர் ஓய்ந்துவிட்டனர், சிலர் மறைந்துவிட்டனர். மாற்றித் தர ஆளின்றி அவ்வெழுத்து போயிற்று.

இடம் தந்தோர் கதவை அடைத்தபோது பறிபோனவையும் உண்டு. இலவசமாக இணையப்பக்கம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் சேவையை யாஹூ நிறுவனம் 2009 அக்டோபரில் மூடியது. தொடக்ககாலத் தமிழ் ஆர்வலர் பலர் தங்கள் பக்கங்களை அங்கே வைத்திருந்தனர். பதிவுகளைத் தொடர்ந்து படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை முதல் நாளன்று நிறுத்தப்பட்டது. வாசகர் தாமே விரும்பித் தேர்ந்த பதிவுகளை வரிசையாகப் படித்துவந்த வழி அத்துடன் குறுகியது. முகநூலும் தேடுபொறியும் முன்னே கொண்டுவந்து வைப்பதைப் படிக்கும் பழக்கம் வளர்ந்தது.

மாறிக்கொண்டே இருந்த அளவுகோல்

1994இல் தொடங்கிய யாஹூ, தொடக்கத்தில் மனிதர்கள் பார்த்து வகைப்படுத்திய அட்டவணையாக இருந்தது. ஏறத்தாழ இப்னுந் நதீம் செய்த பணி. இணையம் பெருகியபோது மனிதர் கையால் அது இயலாதாயிற்று. 1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், செர்கே பிரின் ஆகியோர் புதிய முறையொன்றை முன்வைத்தனர். ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுத்துச் சான்று பகர்கின்றன, சான்று பகரும் பக்கங்களுக்கு எத்தகைய மதிப்பு உள்ளது என்று கணக்கிட்டு வரிசைப்படுத்தும் முறை அது. கூகுள் பிறந்தது அதிலிருந்தே.

ஹதீஸ் கலை பயின்றவர்களுக்கு இம்முறை பழகிய ஒன்றாகத் தோன்றும். ஒருவர் மற்றொருவரிடமிருந்து அறிவிப்பதும், அறிவிப்பவரின் தகுதி அச்செய்தியின் தகுதியாவதும் நம் மரபில் உள்ளவை. எனினும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. ஹதீஸ் அறிஞர்கள் அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராய்ந்தனர். ஒரு செய்தி பரவலாகப் பேசப்படுவதை மட்டும் அவர்கள் சான்றாகக் கொள்ளவில்லை. மக்கள் நாவில் புகழ்பெற்ற ஹதீஸ்களைத் தொகுத்து, அவற்றுள் எவை ஆதாரமுள்ளவை, எவை ஆதாரமற்றவை என்று பிரித்துக் காட்டுவதற்கென்றே இமாம் ஸகாவீ (மறைவு ஹிஜ்ரி 902) ‘அல்மகாஸிதுல் ஹஸனா’ என்னும் நூலை இயற்றினார். புகழ்பெற்றது வேறு, நிலைபெற்றது வேறு என்னும் பகுப்பு தேடுபொறியின் கணக்கில் போதிய அளவு இடம்பெறவில்லை.

அதன் விளைவு விரைவில் தெரிந்தது. இணைப்புகளை விலைக்கு வாங்கியும், ஒரே சொல்லைப் பலமுறை எழுதியும், பிறர் எழுத்தை நகலெடுத்தும் மேலே வந்தோர் பெருகினர். அவர்களைக் கீழிறக்க கூகுள் தன் அளவுகோலை மாற்றிக்கொண்டே வந்தது. 2011இல் பாண்டா என்னும் மாற்றம் சாரமற்ற, நகலெடுத்த பக்கங்களைக் குறிவைத்தது. 2012இல் பென்குவின், போலி இணைப்புகளைக் குறிவைத்தது. 2014இல் பாதுகாப்பான இணைப்பு முறைக்கு மாறிய தளங்களுக்குச் சிறிது முன்னுரிமை தரப்பட்டது. 2015 ஏப்ரல் 21 முதல், கைப்பேசியில் தேடுவோருக்குக் கைப்பேசித் திரைக்கு ஏற்ற பக்கங்கள் முன்னே காட்டப்பட்டன.

இவை ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் தள உரிமையாளர் மேல் ஒரு புதிய வேலையைச் சுமத்தியது. பணியாளர் வைத்து நடத்தும் நிறுவனம் மறுவாரமே தன் தளத்தைத் திருத்திக்கொள்ளும். வளைகுடாவில் ஓட்டுநராகவோ கடைப் பணியாளராகவோ இருந்துகொண்டு ஊர் வரலாற்றை எழுதியவர் என்ன செய்வார்? அவர் எழுத்தில் ஒரு வரியும் மாறவில்லை. அதன் உண்மையும் குறையவில்லை. ஆயினும் பக்கம் கைப்பேசித் திரையில் பொருந்தாததால் பின்னுக்குச் சென்றது. வாசகர் வரவு குறைந்தபின் எழுதும் ஊக்கமும் குறைந்தது.

2018 பிப்ரவரியில் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் தமிழ்ப் பக்கங்களுக்கும் திறக்கப்பட்டது. உழைத்து எழுதுவோருக்குச் சிறு வருவாய் கிடைக்க அது வழி செய்தது. தேடலில் முன்னே வருவதற்காகவே எழுதப்படும் பக்கங்களுக்கும் அதுவே ஊக்கமாயிற்று. ஒரு துஆவின் தமிழாக்கத்தை நாடிச் செல்பவர், ஆதாரம் குறிப்பிடாத சிறப்புகளைப் பேசும் பத்திகளையும் விளம்பரங்களையும் கடந்தே துஆவை அடையும் நிலை நாம் அனைவரும் அறிந்ததே.

தமிழ் முஸ்லிம்களுக்கென்று தனிச்சிக்கல் ஒன்றும் உண்டு. அரபுச் சொற்களை நாம் ஒரே முறையில் எழுதுவதில்லை. ஜகாத், ஸகாத், ஜக்காத், துஆ, துவா, ஹதீஸ், ஹதீது, ஃபஜ்ர், ஃபஜர், சுபுஹு என ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு வழக்கு. நம் பிள்ளைகளோ தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகின்றனர். ஒரே பொருளைப் பற்றிய எழுத்து இப்படிப் பல பெயர்களில் சிதறும்போது, இயந்திரம் ஒன்றைக் கண்டு மற்றொன்றை விட்டுவிடுவதில் வியப்பில்லை. அண்மைக்காலத் தேடுபொறிகள் இவ்வேறுபாடுகளை ஓரளவு உணர்கின்றன, முழுமையாக அல்ல.

சென்னையிலிருந்து எழுந்த வழக்கு

அட்டவணையைத் தன் கையில் வைத்திருப்பவரே அங்காடியும் நடத்தினால் நீதி எங்ஙனம் நிலைக்கும் என்ற கேள்வி, தமிழகத்திலிருந்தே சட்டத்தின் முன் வைக்கப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி நிறுவனமும், ஜெய்ப்பூரைச் சேர்ந்த நுகர்வோர் அமைப்பான கட்ஸும் கூகுளுக்கு எதிராக இந்தியப் போட்டி ஆணையத்தில் முறையிட்டன. 2018 பிப்ரவரியில் ஆணையம், தேடல் முடிவுகளில் கூகுள் பாரபட்சமாக நடந்துகொண்டது என்று சில குற்றச்சாட்டுகளில் கண்டறிந்து 135.86 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. வேறு சில குற்றச்சாட்டுகளை அது ஏற்கவில்லை. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றும், பொதுத் தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தது. அந்நாட்டுத் தேடலில் ஏறத்தாழ 90 விழுக்காடு அதன் வழியே நடப்பதாக அத்தீர்ப்பு குறிப்பிட்டது.

பெரு நிறுவனங்களுக்கே நீதி கேட்க இத்தனை ஆண்டுகள் தேவைப்படுகின்றன. ஊர்த் தளம் ஒன்றை நடத்தும் தனிமனிதர் தம் பக்கம் ஏன் மறைந்தது என்று கேட்பதற்கு வாயிலே இல்லை.

பக்கம் மறைந்து விடை மட்டும் நிற்கும் காலம்

இப்போது நிகழ்வது இதுவரை நிகழ்ந்தவற்றைவிடப் பெரிய மாற்றம். முன்பு தேடுபொறி பக்கங்களைச் சுட்டியது. வாசகர் அங்கே சென்று படித்தார். 2024 மே மாதம் அமெரிக்காவிலும் ஆகஸ்டில் இந்தியாவிலும் கூகுள் அறிமுகப்படுத்திய முறையில், செயற்கை நுண்ணறிவு பல பக்கங்களைத் திரட்டி விடையொன்றைத் தானே எழுதி மேலே வைக்கிறது. மூலப் பக்கங்களுக்கு இணைப்பு தரப்பட்டாலும், விடை கிடைத்த பின் அங்கே செல்ல வேண்டிய தேவை பலருக்கு எழுவதில்லை. எழுதியவருக்கு வாசகர் இல்லை. வாசகருக்கு எழுதியவர் யாரென்று தெரிவதில்லை.

மார்க்க விடயத்தில் இதன் ஆபத்தை உணர்த்த நம் வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. இமாம் புகாரீ பக்தாதுக்கு வந்தபோது அவ்வூர் அறிஞர்கள் அவரைச் சோதிக்க எண்ணி, நூறு ஹதீஸ்களின் அறிவிப்பாளர் தொடர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தி, பத்துப் பேரிடம் பத்துப் பத்தாகக் கொடுத்துக் கேட்கச் செய்தனர் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இமாமவர்கள் அனைத்தையும் கேட்டு முடித்து, ஒவ்வொரு வாசகத்தையும் அதற்குரிய தொடருடன் மீண்டும் இணைத்துக் கூறினார்கள். வாசகம் உண்மையாக இருந்தாலும் தொடர் தவறினால் அறிவு குலைகிறது என்பதை அந்தச் சபை அறிந்திருந்தது.

இயந்திரம் தொகுக்கும் விடையில் நேர்வதும் இத்தகைய கலப்பே. ஒரு மத்ஹபின் கூற்று மற்றொன்றின் ஆதாரத்தோடு சேரக்கூடும். ஒரு நாட்டின் சட்டம் மற்றொரு நாட்டுக்கு உரியதாகக் காட்டப்படலாம். மொழிநடை மட்டும் தெளிவாகவும் உறுதியாகவும் இருக்கும். கேட்பவருக்கு ஐயமே தோன்றாது. செய்தியைக் கொண்டுவருபவரைப் பொறுத்து அதைத் தெளிவாக ஆராயுமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. கொண்டுவந்தவர் யாரென்றே தெரியாதபோது ஆராய்வது எங்ஙனம்?

நம் கையில் உள்ளவை

தேடுபொறியின் அளவுகோலை மாற்றும் ஆற்றல் நமக்கில்லை. அது இனியும் மாறும். மாறும்போது சிலர் உயர்வர், சிலர் மறைவர். ஆனால் படியைக் காப்பதும் தொடரைக் காப்பதும் நம் கையில் உள்ளன.

ஊர் ஜமாஅத்தோ மதரஸாவோ தளம் நடத்துமாயின் சொந்தப் பெயரில் முகவரி பெற்று, ஆண்டுதோறும் கட்டணத்தைத் தவறாமல் செலுத்த வேண்டும். அதன் திறவுச்சொல் ஒருவர் கையில் மட்டும் இருத்தல் ஆகாது. இலவச இடத்தில் எழுதுவோர் தம் பதிவுகளின் படியை ஆண்டுக்கு இருமுறையேனும் தரவிறக்கித் தனியே சேமிக்கட்டும். இண்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தின் வேபேக் மெஷினில் பக்க முகவரியைக் கொடுத்தால் அதன் படியொன்று அங்கே பதியும். ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது காப்பாற்றப்பட்ட பக்கங்கள் இத்தகைய முயற்சிகளாலேயே எஞ்சின. பழைய எழுத்துருவில் கிடக்கும் கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றும் பணியை, மூத்தோர் இருக்கும்போதே இளைஞர்கள் மேற்கொள்ளலாம். அரபுத்தமிழ் நூல் உள்ள வீட்டார், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரேனும் ஊரில் இருக்கையில் படித்துத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கட்டும். நூலின் படத்தை மட்டும் இணையத்தில் ஏற்றினால் பக்கம் காக்கப்படும். அதிலுள்ள சொல் தேடலில் கிடைக்காது.

எழுதும்போது எழுதியவர் பெயரும் நாளும் ஊரும், எந்த மத்ஹபின்படி என்பதும், எந்நூலிலிருந்து என்பதும் தெளிவாக இருக்கட்டும். ஒரே சொல்லின் வேறு வழக்குகளையும் ஓரிடத்தில் குறிப்பிட்டால் தேடுவோருக்கு உதவும். நல்ல கட்டுரையைக் கண்டால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், மூலத்தின் இணைப்பை அனுப்புவோம். நகல் பரவப் பரவ எழுதியவர் பெயர் உதிர்கிறது. இணைப்பை அனுப்பினால் அந்தப் பெயரும் உடன் செல்கிறது.

பிள்ளைகளுக்கு ஒன்றைப் பழக்க வேண்டும். கைப்பேசி தரும் விடையைப் படித்ததும், இதைச் சொன்னவர் யார், எங்கிருந்து எடுத்தார் என்று அவர்கள் கேட்க வேண்டும். விடை தெரியாதபோது ஊர் ஆலிமிடம் கொண்டு செல்ல வேண்டும். எங்கள் மதரஸாவில் மாணவர்களுக்கு இக்கேள்விகளையே முதற்பாடமாக வைக்கிறோம்.

1935ஆம் ஆண்டில் தென்னிந்திய முஸ்லிம்கள் சைகோன் நகரில் கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் காரைக்காலிலிருந்தும் மக்கள் அந்நகருக்குச் சென்று வாணிகம் செய்தனர். அவர்கள் எழுதிய கடிதங்களும் கணக்கேடுகளும் சில வீட்டுப் பெட்டிகளில் இன்னும் இருக்கக்கூடும். எந்தத் தேடுபொறியின் அட்டவணையிலும் அவை இல்லை. அவற்றைப் படித்து எழுதி, பெயரும் நாளும் குறித்து, இரண்டு மூன்று இடங்களில் படி வைத்தால், நாளை எந்த அளவுகோல் வந்தாலும் தேடுவோருக்கு அவை கிடைக்கும்.

பயனுள்ள கல்வியைத் தேடவும், தேடியதைச் சரிபார்க்கவும், பெற்றதை அடுத்த தலைமுறையிடம் அமானிதமாக ஒப்படைக்கவும் அல்லாஹ் நமக்கு நல்லுதவி புரிவானாக. ஆமீன்.